இன்டர்வியூவில் எதை அளக்கிறோம்? முதலாளிக்கும் வேலை தேடுபவருக்கும் ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஆள் எடுக்கும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைக் கண்ணாடியில் ‘ஜாவாத்தான் கோசோங்’ (வேலை காலி) என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் ‘ஆள் தேவை, உடனே அழைக்கவும்’ என்று ஒரு செய்தி வரும். வந்தவரிடம் பத்து நிமிடம் பேச்சு: எந்தத் தோட்டம், அப்பா என்ன செய்கிறார், இதற்கு முன்னால் எங்கே வேலை, ஏன் விட்டீர்கள். “சரி தம்பி, திங்கக்கிழமை வந்துடுங்க.” மூன்றாவது வாரம் தம்பியைக் காணோம்.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க நிக்க மாட்டாங்க” என்கிறார் முதலாளி. “கேபிள் இருந்தாதான் வேலை”, அதாவது சிபாரிசு வேண்டும், என்கிறார் வேலை கிடைக்காதவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் இப்படிப்பட்ட கதைகளில் பாதிக்கு மேல் கோளாறு, ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது. நேரில் பார்த்துக் கொஞ்சம் பேசினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. இன்டர்வியூவின் வேலை வேறு. இந்த ஆள் இந்த வேலையை ஆறு மாதம் கழித்து எப்படிச் செய்துகொண்டிருப்பார் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அது. கணிக்க வேண்டுமானால் அளக்க வேண்டும். எதை, எதனால் அளப்பது என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்தால் கையில் மிஞ்சுவது வெறும் அபிப்பிராயம்.

பால் எடையும் ரப்பர் சத்தும்

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. வாளியில் கொண்டுவந்த பாலை ஸ்டோரில் நிறுக்கிறார்கள். ஆனால் அந்த எடை மட்டுமே கணக்காகாது. பாலில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்தபின் நிற்கும் ரப்பர் பெரும்பாலும் நூற்றுக்கு 25 முதல் 40 பங்குதான். மழை விழுந்த நாளில் இன்னும் குறையும். ஒரே எடையுள்ள இரண்டு வாளியில் ரப்பர் ஒரே அளவு இருக்காது. ஆகவே மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் போட்டுப் பார்க்கிறார்கள். அல்லது கொஞ்சம் பாலை மாதிரிக்கு எடுத்து, உறைய வைத்து, காய வைத்து நிறுக்கிறார்கள். எல்லார் பாலுக்கும் அதே கருவி, அதே முறை. அளந்த உடனே புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். ‘இவர் பால் பார்க்கக் கெட்டியாக இருக்கிறது’ என்று சொல்லி யாரும் கணக்கு எழுதுவதில்லை.

சரளமான பேச்சு, இஸ்திரி போட்ட சட்டை, கூச்சமில்லாத சிரிப்பு, ‘நம்ம ஆள்’ என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பத்து நிமிடப் பேச்சில் தெரியும் மொத்த எடை. அதற்குள் வேலைக்கு உதவும் சத்து எவ்வளவு என்று தனியாகப் பார்க்க ஒரு கருவி வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

ஆள் எடுக்கும் முறைகளில் எது நன்றாகக் கணிக்கிறது என்று உளவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அளந்துவருகிறார்கள். தேர்வின்போது கிடைத்த மதிப்பெண்ணையும், அதே ஆள் பிறகு வேலையில் காட்டிய திறமையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீட்டு எண்ணுக்கு முன்கணிப்புத் திறன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 0 என்றால் சீட்டுக் குலுக்கியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 1 என்றால் ஒருமுறைகூடத் தவறாத கணிப்பு. எந்த முறையும் 1-ஐ நெருங்கியதில்லை.

1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 2022-இல் சாக்கெட்டும் அவருடைய குழுவும் அந்தக் கணக்கை மறுபடி சரிபார்த்து, பழைய எண்கள் பல மிகையானவை என்று காட்டினார்கள். திருத்திய கணக்கில் முன்னால் நிற்பது கட்டமைக்கப்பட்ட நேர்காணல். அதன் எண் சுமார் 0.42. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்குத்தான் அந்தப் பெயர். மனம்போன போக்கில் பேசும் இன்டர்வியூவுக்குக் கிடைத்தது சுமார் 0.19. வேலையின் ஒரு சின்னத் துண்டைச் செய்து காட்டச் சொல்லும் செய்முறைச் சோதனைக்கு சுமார் 0.33. விளம்பரங்களில் தவறாமல் கேட்கிற ‘இத்தனை வருட அனுபவம்’ 0.1-க்கும் கீழே கிடக்கிறது. ஒரு வேலையில் பத்து வருடம் இருந்தவர் பத்து வருடமும் கற்றிருப்பார் என்று சொல்ல முடியாதல்லவா?

சுருக்கமாக: பேசிப் பார்ப்பது ஓரளவு கணிக்கிறது. அதே பேச்சை ஒழுங்குபடுத்தினால் கணிப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. செலவு இரண்டு தாளும் ஒரு பேனாவும்தான்.

விளம்பரத்துக்கு முன்னால் வேலையை எழுதுங்கள்

ஒரு ஹார்ட்வேர் கடைக்கு ஸ்டோர் கிராணி (சரக்குக் கணக்கர்) தேவை என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்த வேலைக்கும் இதே வழிதான். முதலில் அந்த ஆள் ஒரு வாரத்தில் செய்யப்போகும் ஐந்தாறு காரியங்களை எழுத வேண்டும்: லோரியில் வரும் சரக்கை டிஓவோடு ஒத்துப் பார்ப்பது (டெலிவரி ஆர்டர் தாளைத்தான் டிஓ என்கிறோம்), கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஏற்றுவது, கவுண்டரில் நிற்பது, மாதக் கடைசியில் இருப்பு எண்ணுவது. பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: வரும்போதே தெரிந்திருக்க வேண்டுமா, இரண்டு வாரத்தில் நாமே சொல்லிக்கொடுத்துவிடலாமா?

இந்தக் குறிதான் பலருடைய விளம்பரத்தை மாற்றிவிடும். ஸ்டாக் மென்பொருள் பத்து நாளில் கை பழகிவிடும். அதற்காக ‘இரண்டு வருட அனுபவம் கட்டாயம்’ என்று போட்டால் நல்ல பிள்ளைகள் பாதிப் பேர் விண்ணப்பமே போட மாட்டார்கள். எண்ணிக்கையில் கவனமும் வாய் நேர்மையும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவற்றைத்தான் இன்டர்வியூவில் தேட வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஐந்து கிரெடிட் எதற்கு என்று முதலாளிக்கே பதில் தெரியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம்.

விளம்பரத்தில் சம்பளத்தை எண்ணில் போடுங்கள். ‘நல்ல சம்பளம்’ என்று போட்டால் நாற்பது பேர் அழைப்பார்கள், முப்பத்தைந்து பேரிடம் அதே பதிலைச் சொல்லி நாள் போய்விடும். வேலை நேரம், ஓய்வு நாள், கடை இருக்கும் இடம் மூன்றும் கட்டாயம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் பிள்ளைக்குப் பெரிய தடை வாகனம்தான். காலை ஏழரைக்குக் கடை திறக்கும் என்றால், அந்நேரத்துக்கு பஸ் உண்டா, மோட்டார் சைக்கிளும் அதற்கான பி-டூ லைசென்ஸும் வேண்டுமா என்று ஒரு வரி போட்டாலே, மூன்றாவது வாரம் காணாமல் போகும் ஆட்களில் ஒரு பகுதி குறைந்துவிடும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ (சொக்சோ என்பதும் அதுவே) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இரு தரப்பும் காசில்லாமல் பதிந்துகொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவோடு அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

தெரிந்தவர் சொல்லி வருகிற ஆளை என்ன செய்வது? தாராளமாக வரட்டும். ஆள் மூலம் ஆள் சேர்ப்பது தோட்டப்புறத்தில் பழைய வழக்கம். கங்காணிகள் தங்கள் ஊருக்குப் போய் ஆள் கூட்டிவந்த முறை, 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்பத் தடை போட்டதோடு நின்றது. ‘நம்ம ஆள் சொன்னா சரி’ என்ற நம்பிக்கை இன்றும் நிற்கிறது. பரிந்துரைத்து வந்தவரும் அதே கேள்வித் தாளைக் கடந்தே உள்ளே வர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

கேள்விகளும் அளவுகோலும்

ஐந்து கேள்வி போதும். இரண்டு வகை இருக்கட்டும்: இதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்பது ஒன்று, இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது மற்றொன்று. ‘நீங்கள் பொறுப்பானவரா?’ என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்தக் கேள்வி எதையும் அளக்காது.

ஸ்டோர் கிராணிக்கு இப்படிக் கேட்கலாம்: “எண்ணிக்கையோ பணமோ கணக்கில் இடித்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?” இதுவரை வேலை பார்க்காதவரிடம், பள்ளிக் கூட்டுறவுக் கடையோ கோயில் திருவிழா அன்னதானக் கணக்கோ பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதும் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இன்னொன்று: “ஒருவர் வந்து, நான் முதலாளிக்கு வேண்டியவர், முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) சாமானைக் கடனுக்குக் கொடு என்கிறார். முதலாளி போன் எடுக்கவில்லை. என்ன செய்வீர்கள்?” இதற்கு அளவுகோலை முன்பே எழுதுங்கள். முகம் பார்த்துக் கொடுத்துவிடுவேன், அல்லது போகச் சொல்லிவிடுவேன் என்றால் 1. மரியாதையாக மறுப்பேன் என்றால் 3. சாமானைத் தனியாக எடுத்துவைத்து, பெயரும் தொலைபேசி எண்ணும் குறித்துக்கொண்டு, முதலாளி சரி சொன்னதும் நானே அழைக்கிறேன் என்பேன் என்றால் 5. இடையில் விழும் பதிலுக்கு 2 அல்லது 4.

அளவுகோல் இல்லாமல் மதிப்பெண் மட்டும் போட்டால் பயனில்லை. காலையில் வந்த முதல் ஆளுக்கு 3 போட்ட அதே பதிலுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவருக்கு 5 விழுந்துவிடும். ஒருவருடைய ஏதாவது ஒரு நல்ல அம்சம் மற்ற எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டிவிடுவதை ஒளிவட்ட விளைவு என்பார்கள். முதல் பதிலை அழகாகச் சொன்னவருக்கு ஐந்தாவது பதில்வரை அந்த வெளிச்சம் விழும். அதைத் தடுக்க ஒரே வழி, ஒவ்வொரு பதிலுக்கும் அந்தந்த நேரத்திலேயே எண் போடுவது. இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவரும் தனித்தனியாகப் போட்டு முடித்தபிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும். “இந்தப் பையன் எப்படி?” என்று மூத்தவர் முதலில் வாய் திறந்துவிட்டால் இளையவரின் எண் தானாக மாறிவிடும்.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளில் பலர் முதல் பத்து நிமிடம் தலைகுனிந்தே இருப்பார்கள். பேச்சை அளக்கும் இன்டர்வியூவில் அவர்கள் தோற்றே போகிறார்கள். கணக்கை அளந்தால் அவர்களில் எத்தனையோ பேர் முன்னால் வருவார்கள். முதல் கேள்விக்கு முன் ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, “ஐந்து கேள்வி கேட்பேன், யோசித்து நிதானமாகச் சொல்லலாம், எந்த மொழியிலும் சொல்லலாம்” என்று சொல்லிவிடுங்கள். மொழித்திறன் வேலைக்குத் தேவை என்றால் அதற்குத் தனிக் கேள்வி வைத்து அளக்கலாம்.

இருபது நிமிடச் செய்முறைச் சோதனை

பேச்சில் மறைவது கையில் தெரியும். மேசைமேல் பத்து வகைச் சாமானை வையுங்கள். ஒரு டிஓவும் ஒரு இன்வாய்ஸும் கொடுங்கள். அதில் மூன்று இடத்தில் பிசகு வையுங்கள்: டிஓவில் பிவிசி எல்போ 25, மேசையில் 20, டிஓவிலும் மேசையிலும் பெயிண்ட் பிரஷ் 12, இன்வாய்ஸில் 21, தாளிலேயே இல்லாத ஒரு பூட்டு மேசையில். “லோரிக்காரர் வெளியே நிற்கிறார். ஒத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள்” என்று சொல்லி விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கைக் குறைவைப் பலர் பிடித்துவிடுவார்கள். எண் புரண்ட 21-ஐப் பிடிக்க, இன்வாய்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கூடுதலாக வந்த பூட்டைச் சொல்கிறாரா என்பது வேறொன்றையும் காட்டும்: நமக்கு லாபமான பிசகையும் பிசகு என்று எழுதுகிறாரா?

மதிப்பெண் போடும்போது கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பிசகைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், டிஓவில் 25-ஐ அடித்து 20 என்று தானே எழுதிவிடுகிறவருக்குக் குறைந்த எண்தான் போட வேண்டும். லோரிக்காரர் கையெழுத்து இல்லாமல் திருத்திய டிஓவைக் காட்டி ஐந்து எல்போவைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குவது கடினம். மூன்றையும் கண்டு, தாளில் பக்கத்தில் குறித்து, “சொல்லிட்டு சாப் (முத்திரை) அடிக்கிறேன் பாஸ்” என்பவருக்கு 5. இரண்டைக் கண்டு வந்து சொன்னால் 3.

சோதனை நீண்டுவிடக் கூடாது. “மூணு நாள் வந்து பாருங்க, பிறகு சொல்றேன்” என்று காசு கொடுக்காமல் வேலை வாங்குவது சோதனையாகாது. அது வேலை, வேலைக்குச் சம்பளம் உண்டு. அரைமணிக்குள் முடிவதும், அதனால் கடைக்கு ஒரு காசும் வருமானம் வராததும்தான் நேர்மையான சோதனை.

இதுவரை பார்த்தது: வேலையை எழுதுதல், அதிலிருந்து ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அளவுகோல், ஒரு செய்முறைச் சோதனை, அங்கேயே போடும் மதிப்பெண். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

வேலை தேடுபவர் பக்கம்

எதிரே இருப்பவர் எதை அளக்கிறார் என்று தெரிந்தால் தயாராவது எளிது. ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்’ என்று ரெசுமேயில் எழுதுவது யாருக்கும் எதையும் காட்டாது. ‘பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடையில் இரண்டு வருடம், வாரம் மூன்று இரவு, கல்லா என் பொறுப்பு’ என்பது காட்டும். ஒரு பக்கம் போதும்.

இன்டர்வியூவுக்குப் போகுமுன் நான்கு சம்பவங்களை எழுதிப் பாருங்கள்: ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒருவரோடு ஒத்துப்போகாமல் சமாளித்தது, புதிதாக ஒன்றை வேகமாகக் கற்றது, ஒரு தவறைச் சரிசெய்தது. ஒவ்வொன்றிலும் என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘நாங்க செஞ்சோம், நாங்க பாத்துக்கிட்டோம்’ என்று சொல்வது நம் வளர்ப்பில் வந்த பணிவு. இன்டர்வியூவில் அது உங்கள் பங்கை மறைத்துவிடுகிறது. ‘நான் கணக்கெழுதினேன், அண்ணன் சாமான் வாங்கினார்’ என்று பிரித்துச் சொன்னால் அதில் தற்பெருமை எதுவும் இல்லை.

நீங்களும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கும், ஆகஸ்ட் 1 முதல் அதற்கும் சிறிய கடைகளுக்கும் அது பொருந்தும். 1,700-இல் ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 சதவீதம், அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 13 சதவீதம், 221 வெள்ளி போடுவார். சொக்சோவுக்கும் வேலை காப்புறுதிக்கும் சில வெள்ளி போகும். ஆக, கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. இது தெரியாமல் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைத்து வேலையை விடும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கணக்கை இன்டர்வியூவிலேயே தாளில் போட்டுக் காட்டும் முதலாளிக்கு ஆள் நிற்கும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2023 தொடக்கத்திலிருந்து வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. கடிதம் தரத் தயங்கும் இடத்தில் காரணம் கேளுங்கள். வேலை கொடுப்பதற்கு முன்பணம் கேட்டாலோ, வங்கி அட்டையைக் கொடுத்துவைக்கச் சொன்னாலோ கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவு சொல்வதும் முதல் மூன்று மாதமும்

தேர்வாகாதவருக்கு ஒரு வாரத்துக்குள் ஒரு வரி அனுப்புங்கள். சின்ன ஊர், இன்று கிடைக்காதவர் நாளைக்கு உங்கள் வாடிக்கையாளர், அடுத்த வருடம் உங்களுக்குத் தேவைப்படும் ஆள். அவருடைய ஐசி (அடையாள அட்டை) நகலை மேசை இழுப்பறையில் போட்டுவைக்க வேண்டாம். தேவை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது.

தகுதிகாண் காலம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: அந்த மூன்று மாதத்தில் எப்போது வேண்டுமானாலும், காரணமே இல்லாமல் ஆளை நிறுத்தலாம் என்பது. நம் நாட்டு நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும் தக்க காரணத்தோடுதான் நிறுத்த முடியும். நிறுத்தப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் புகார் செய்யலாம். சேமநிதியும் சொக்சோவும் முதல் மாதத்திலிருந்தே உண்டு. ஆகவே முதல் வாரம், நான்காவது வாரம், எட்டாவது வாரம் என்று உட்கார்ந்து எது சரி, எது சரியில்லை என்று சொல்லி, எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில், இன்டர்வியூ அன்று போட்ட மதிப்பெண் தாளை வெளியே எடுங்கள். டிஓ சோதனையில் 5 வாங்கியவர் உண்மையில் ஸ்டோரை எப்படி வைத்திருக்கிறார்? கடன் கேள்விக்கு அழகாகப் பதில் சொன்னவர் கவுண்டரில் என்ன செய்கிறார்? இரண்டு மூன்று ஆளை வைத்து எந்தக் கேள்வி நல்லது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு தாள் சேர வேண்டும். ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். வந்த எல்லாரும் 4 வாங்கிய கேள்வி எது என்று பாருங்கள். அது யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டவில்லை. அதை எடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு முன்னால், கடையில் கடந்த மாதம் உண்மையாகவே நடந்த ஒரு சிக்கலைக் கேள்வியாக எழுதி அந்த இடத்தில் வையுங்கள்.